காபி வறுவல்: லைட்டா, மீடியமா, டார்க்கா? வடசென்னை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டையோ பெரம்பூரோ திருவொற்றியூரோ, காபிப் பொடிக் கடையில் போய் நின்றால் "எந்த வறுவல் வேணும்?" என்று கேட்பார்கள். நம்மில் நிறைய பேர் "நல்லா ஸ்ட்ராங்கா குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். கடைக்காரர் என்ன செய்வார் பாவம், நன்றாகக் கருக வறுத்ததில் சிக்கரியைக் கூட்டிக் கொடுத்து அனுப்புவார். வறுவலைத் தனியாக எடுத்து வைத்து யோசிப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. டம்ளரில் பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, வீட்டில் என்ன தண்ணீர் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி வரவேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதியவைதான்.

லைட், மீடியம், டார்க் என்கிறார்களே, வறுக்கும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு ஈரம் இருக்கும். சூடு ஏற ஏற முதலில் அந்த ஈரம் போகும், கொட்டை பச்சையிலிருந்து மஞ்சளாகும், அப்போது வருவது காபி வாசனையே இல்லை, வைக்கோலும் வறுத்த தானியமும் கலந்த ஒரு வாசனை. 150 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்ததும் பழுப்பு ஏறத் தொடங்கும். கொட்டைக்குள் இருக்கும் சர்க்கரையும் புரதக் கூறுகளும் சேர்ந்து வினைபுரிகிற கட்டம் இது, காபி மணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. சுமார் 196 முதல் 205 டிகிரிக்குள், உள்ளே அடைபட்ட ஆவியின் அழுத்தம் தாங்காமல் கொட்டை வெடிக்கும், பொரி பொரிகிற மாதிரி சத்தம் தெளிவாகக் கேட்கும். இது முதல் வெடிப்பு. அது நடந்து முடிகிற கையோடு இறக்கினால் லைட். இன்னும் கொஞ்ச நேரம் விட்டு, வெளித்தோல் சுருக்கம் நீங்கி ஒரே சீரான பழுப்பு வந்ததும் இறக்கினால் மீடியம். 224, 230 டிகிரி அளவில் இரண்டாவது வெடிப்பு வரும், சத்தம் மெல்லியதாக, சடசடவென்று நெருக்கமாக இருக்கும். அதன் வாசலில் இறக்கினால் மீடியம் டார்க், அதற்குள் புகுந்துவிட்டால் டார்க்.

நாக்கில் என்ன மாறுகிறது என்றால், லைட்டில் கொட்டையின் சொந்தப் புளிப்பும் பழ மணமும் தெரியும், மீடியத்தில் புளிப்பு அடங்கி லேசான இனிப்பும் கொட்டை வறுத்த மணமும் வரும், டார்க்கில் புளிப்பு ஏறக்குறையப் போய்விட்டு கசப்பும் புகையும் முன்னால் வந்து நிற்கும். டார்க்குக்கும் மேலே போனால் கிடைப்பது காந்தல், அது எந்த மலைக் கொட்டை என்று கடவுளாலும் சொல்ல முடியாது.

எடையும் குறையும். லைட்டில் ஏறத்தாழ 12 முதல் 14 சதவீதம் வரை, டார்க்கில் 18 சதவீதமும் அதற்கு மேலும் போகும்.

சரி, எனக்கு எது? நேராகச் சொல்லுங்கள்.

பால் சேர்க்காமல், சர்க்கரை இல்லாமல் குடிப்பவர் என்றால் லைட்டிலோ மீடியத்திலோ தொடங்குங்கள். பாதிக்குப் பாதி பால், ஒரு ஸ்பூன் சர்க்கரை என்றால் மீடியம். முக்கால் டம்ளர் பால், சர்க்கரை தூக்கலாக, நுரை பொங்க ஆற்றிக் குடிக்கிற ஆள் என்றால் மீடியம் டார்க். அதற்கும் மேலே டார்க் கேட்க வேண்டிய தேவை வீட்டுக் காபியில் அனேகமாக வராது.

இது தொடக்கம்தான். உங்கள் நாக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். ஒரே கொட்டையில், ஒரே அரவையில், சிக்கரி இல்லாமல் மீடியம் 100 கிராம், டார்க் 100 கிராம் வாங்குங்கள். ஒரே அளவு பொடி, ஒரே அளவு தண்ணீர் வைத்து இரண்டு டிகாஷன் இறக்குங்கள். முதலில் வெந்நீர் மட்டும் கலந்து ஒரு வாய், அப்புறம் பால் கலந்து ஒரு வாய், கடைசியில் சர்க்கரை போட்டு ஒரு வாய். வெறும் வெந்நீரில் நன்றாக இருந்த மீடியம் பாலில் காணாமல் போகிறதா என்று பாருங்கள். போனால் உடனே டார்க்குக்குத் தாவாதீர்கள், அடுத்த முறை பொடியைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அப்படியும் போதவில்லை என்றால்தான் வறுவலை ஒரு படி ஏற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் மாறியது என்று புரியும். கொட்டை, வறுவல், பால் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு "இந்தக் கடை சரியில்லை" என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும்.

டார்க்தானே ஸ்ட்ராங்?

இல்லை. டிகாஷன் கெட்டியாக இருப்பது பொடிக்கும் தண்ணீருக்கும் உள்ள கணக்கு. 20 கிராம் பொடிக்கு 100 மில்லி தண்ணீர் விட்டால் மீடியம் வறுவலிலும் நல்ல கெட்டி டிகாஷன் இறங்கும். அதே 20 கிராம் டார்க் பொடிக்கு 200 மில்லி விட்டால் நீர்த்துப்போய்க் கசக்கும், அவ்வளவுதான். கசப்பு வேறு, கெட்டி வேறு, குடித்ததும் வருகிற சுறுசுறுப்பு வேறு. இந்த மூன்றில் தனக்கு எது வேண்டும் என்று தெரியாமலே டார்க் வாங்குகிறவர்கள் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது கெட்டி, அதற்குக் கூடுதலாக ஒரு ஸ்பூன் பொடி போதும்.

காஃபின் எதில் அதிகம்?

வறுவலால் பெரிய மாற்றம் இல்லை. ஸ்பூனால் அளந்தால் லைட்டில் துளி அதிகம் வரும், ஏனென்றால் அந்தக் கொட்டை கனமானது. தராசில் நிறுத்துப் போட்டால் அந்த வித்தியாசமும் இருக்காது. காஃபினைத் தீர்மானிப்பது கொட்டையின் வகை: அரபிகாவில் எடையில் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காசிமேட்டில் விடியலுக்கு முன்பே ஏலத்துக்கு நிற்கிறவருக்குத் தூக்கம் கலைய வேண்டும் என்றால் டார்க் கேட்பதில் அர்த்தமில்லை, ரோபஸ்டா கலந்து கேட்க வேண்டும்.

பால் பாக்கெட்டுக்கும் வறுவலுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. பாலில் இருக்கும் புரதம் காபியின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், கொழுப்பு கசப்பின் முனையை மழுக்கிவிடும். மாதவரம் பண்ணையிலிருந்து வருகிற ஆவின் பாலையே எடுத்துக்கொள்வோம். நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம். நீலத்தில் மீடியம் வறுவல் அழகாகத் தெரியும். ஆரஞ்சு பாலில் அதே பொடி மங்கிப்போகும், அங்கே மீடியம் டார்க் தேவைப்படும், அல்லது டிகாஷனைக் கூட்ட வேண்டும். ஆக, பால் மாறினால் பொடி மாறலாம். மாதக் கடைசியில் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு இறங்குகிற வீடுகளில் "இந்தத் தடவை பொடி கசக்குது" என்று ஒரு புகார் வரும், பொடி பழையதேதான்.

பாலை நெடுநேரம் சுண்டக் காய்ச்சினால் அந்தப் பால் மணம் மீடியம் வறுவலின் மணத்தை அமுக்கிவிடும். பொங்கியதும் இறக்குங்கள்.

சிக்கரி போடலாமா, கூடாதா?

இதில் இரண்டு கட்சி உண்டு, எனக்கு இரண்டோடும் முழு உடன்பாடு இல்லை. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர், நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அதிகம் விளைகிறது. அதை உலர்த்தி வறுத்து அரைக்கிறார்கள். காஃபின் கிடையாது. காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும், அதனால் டிகாஷனுக்கு அடர்த்தியும் கருநிறமும் உடனே வந்துவிடும், கூடவே ஒரு கருகிய வெல்ல இனிப்பும் ஒரு கசப்பும் வரும். புளிப்பை மூடிவிடும். அதாவது வறுவலை ஏற்றினால் கிடைக்கிற மூன்று விளைவை, வறுவலை ஏற்றாமலேயே சிக்கரி கொடுத்துவிடும்.

இங்கேதான் கணக்கு தப்புகிறது. டார்க் வறுவலும் வாங்கி அதில் 30, 40 சதவீதம் சிக்கரியும் சேர்த்தால் ஒரே வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள், காபி என்று ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. சிக்கரி பிடிக்கும் என்றால் மீடியம் வறுவலில் 10 முதல் 20 சதவீதம் சேருங்கள், மணம் கொட்டையிலிருந்தும் அடர்த்தி சிக்கரியிலிருந்தும் வரும். சிக்கரி வேண்டாம் என்றால் மீடியம் டார்க், பொடி கொஞ்சம் கூடுதல். இரண்டில் எதற்கும் வெட்கப்பட ஒன்றுமில்லை. "சுத்த காபி குடிக்கிறவன்தான் காபி குடிக்கிறவன்" என்று கிண்டல் செய்கிற நண்பர் இருந்தால், அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்துக் கண்ணை மூடிக் குடிக்கச் சொல்லுங்கள்.

பாக்கெட் பொடி வாங்கும்போது பின்புறம் திருப்பிப் பாருங்கள். காபி, சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி, எது எவ்வளவு என்பதும் அச்சிட்டிருக்க வேண்டும். 53க்கு 47 என்று போட்டிருக்கிற பாக்கெட்டில் வறுவலைப் பற்றிப் பேசுவதே வீண், நீங்கள் குடிப்பதில் பாதி வேர்.

பீபெரி, ஏ, ரோபஸ்டா என்று பலகையில் எழுதியிருக்கிறார்களே, எதற்கு எந்த வறுவல்?

காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை, ஒன்றுக்கொன்று தட்டைப் பக்கம் ஒட்டினாற்போல இருக்கும். சில பழத்தில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளையும், அதுதான் பீபெரி. மொத்த விளைச்சலில் இது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் வரும் என்பதால் விலை கூட. உருண்டையாக இருப்பதால் சட்டியில் நன்றாக உருண்டு சீராக வறுபடும், மீடியத்துக்கு ரொம்பப் பொருத்தம். அதை வாங்கி டார்க்காக வறுக்கச் சொல்வது கூடுதலாகக் கொடுத்த காசைப் புகையாக விடுவது.

ஏ என்பது பிளான்டேஷன் ஏ, கழுவிப் பதப்படுத்திய அரபிகாவைச் சல்லடையில் சலித்துப் பிரிக்கிறபோது கிடைக்கிற பெரிய கொட்டை ரகம். இதுவும் மீடியத்தில் நன்றாக வரும், மீடியம் டார்க்கையும் தாங்கும். ஏற்காடு, கீழ்ப்பழனி மலை, நீலகிரி, வால்பாறை என்று நம் மாநிலத்துக் கொட்டையும் வருகிறது, ஆனால் நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்தினுடையது, அதனால் சிக்மகளூர், குடகு பெயரைத்தான் கடையில் அதிகம் கேட்பீர்கள்.

ரோபஸ்டா கதை வேறு. அதில் சர்க்கரை குறைவு, காஃபின் அதிகம், லைட்டாக வறுத்தால் பச்சைத் தானிய வாசனை போகாது. அதற்கு மீடியம் டார்க்தான் சரி. நல்ல கழுவின ரோபஸ்டாவை, பார்ச்மென்ட் என்பார்கள், அதைக் கால் பங்கு எடுத்துப் பீபெரியோடு சேர்த்தால் பால் காபிக்கு நல்ல அடர்த்தி கிடைக்கும், நுரையும் நிற்கும். ரோபஸ்டா என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஒன்று, பழத்தோடு காயவைத்த மட்டமான செர்ரி ரகத்தைக் கருக வறுத்துவிட்டால் அதன் குறை எல்லாம் மறைந்துவிடும், டார்க் பொடி சில இடங்களில் சல்லிசாகக் கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அதனால் வறுவலை மாற்ற வேண்டுமா?

வறுவலை மாற்றும் முன்னால் தண்ணீரை மாற்றுங்கள். இந்தக் கேள்வி மயிலாப்பூர்க்காரர்களைவிட நமக்கு முக்கியம். மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியது ஊரறிந்த விஷயம், எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு கரையோரத்தில் பல வீட்டுப் போரிலும் உப்புக் கரிக்கும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீரில் காரத்தன்மை அதிகம், அது காபியின் புளிப்பைச் சாப்பிட்டுவிடும். லைட்டும் மீடியமும் அந்தத் தண்ணீரில் சப்பென்று இருக்கும், சுண்ணாம்பு தடவினாற்போல நாக்கில் ஒரு உணர்வு வரும். டார்க் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நம் பக்கத்தில் டார்க்கும் சிக்கரியும் ஊன்றியதற்குத் தண்ணீரும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் யூகம்.

கேன் தண்ணீர் நேர் எதிர். தாது உப்பை வடிகட்டி எடுத்த தண்ணீரில் புளிப்பு துருத்திக்கொண்டு தெரியும், டிகாஷன் மெலிந்தாற்போல இருக்கும். அதில் லைட் வறுவல் பலருக்குக் கூசும். மீடியத்துக்கு மோசமில்லை. மெட்ரோ தண்ணீர் பொதுவாக இரண்டுக்கும் நடுவில் இருக்கும், காய்ச்சி எடுத்தால் காபிக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது புழல் ஏரித் தண்ணீரா, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து வருகிறதா, இரண்டும் கலந்ததா என்பதைப் பொறுத்து ருசி மாறலாம். அதனால் குளோரின் வாடை அடித்தால் திறந்த பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுக் காய்ச்சுங்கள். இரண்டு வறுவலை ஒப்பிடுகிற நாளில் இரண்டுக்கும் ஒரே குடத்துத் தண்ணீர்.

லைட் வறுவல் வாங்கினேன், புளிக்கிறது. பொடி கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அதன் குணமே அது. பழத்தின் விதைதானே, கொட்டைக்குள் இயல்பாகவே அமிலங்கள் இருக்கின்றன, வறுக்க வறுக்க அவை சிதையும், லைட்டில் அதிகம் மிஞ்சும். ஆனால் இரண்டு வகைப் புளிப்பு உண்டு. ஆரஞ்சுப் பழம் சாப்பிட்ட பின் நாக்கில் நிற்பது மாதிரி சுத்தமாக, கூடவே லேசான இனிப்போடு இருந்தால் சரியான வறுவல். பச்சைக் கடலை வாசனையும் வாயை இழுக்கிற துவர்ப்பும் சேர்ந்து வந்தால் உள்ளே வேகாமல் இறக்கிவிட்டார்கள் என்று பொருள், அதை லைட் என்று விற்பது தவறு.

பால் சேர்த்தால் திரிகிறதே என்றும் கேட்கிறார்கள். புளிப்பு அதிகமான டிகாஷன், கொஞ்சம் பழைய பால், நல்ல கொதி, மூன்றும் சேர்ந்தால் திரியத்தான் செய்யும். பால் காபிக்கு லைட் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொட்டை எண்ணெய் பூசினாற்போலப் பளபளக்கிறது, நல்லதா?

டார்க் வறுவலில் கொட்டையின் செல் சுவர் உடைந்து உள்ளே இருந்த எண்ணெய் மேலே கசியும். வறுத்த அன்றைக்கே டார்க் கொட்டையில் பளபளப்பு இருப்பது இயல்பு. மீடியம் என்று சொல்லி விற்கிற கொட்டையில் எண்ணெய் மின்னினால் ஒன்று அது மீடியம் இல்லை, அல்லது வறுத்து நாளாகிவிட்டது. வெளியே வந்த எண்ணெய் காற்றுப் பட்டுச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால் டார்க் பொடியைக் கொஞ்சமாக வாங்குவது நல்லது.

ஃபிரெஞ்ச் ரோஸ்ட், வியன்னா, சிட்டி என்கிறார்களே?

எல்லாம் வறுவல் அளவின் பெயர்கள், ஊருக்கும் கொட்டைக்கும் சம்பந்தமில்லை. சிட்டி என்றால் மீடியம், ஃபுல் சிட்டி என்றால் மீடியத்துக்கு ஒரு படி மேல், வியன்னா என்றால் இரண்டாவது வெடிப்பு தொடங்கியபின், ஃபிரெஞ்ச், இத்தாலியன் எல்லாம் நன்கு கருத்தவை. ஒரு கடையின் மீடியம் இன்னொரு கடையில் டார்க்காக இருக்கும், ஆகவே பெயரை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள்.

எல்லா வறுவலுக்கும் ஒரே மாதிரி டிகாஷன் போடலாமா?

போடலாம், ஆனால் சின்னச் சின்ன மாற்றம் செய்தால் பலன் தெரியும். லைட் கொட்டை கெட்டி, சாறு சுலபத்தில் இறங்காது, அதற்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். மீடியத்துக்கும் கொதி தணிந்த உடனே ஊற்றலாம். டார்க்குக்கு அடுப்பை அணைத்து ஒன்றிரண்டு நிமிடம் விட்டு ஊற்றினால் கசப்பு கணிசமாகக் குறையும், இதைச் செய்து பார்க்காமல் "டார்க் கசக்கும்" என்று சொல்லாதீர்கள். டார்க் கொட்டை நொறுங்கும் தன்மையுள்ளது, அரைத்தால் மாவுத் துகள் அதிகம் வரும், ஃபில்டரின் ஓட்டை அடைத்துக்கொண்டு சொட்டாமல் நிற்கும். அப்போது மேல் பாத்திரத்தைத் தட்டுவது, ஸ்பூனால் கிளறுவது எல்லாம் வேண்டாம், அடுத்த முறை அரவையைக் கொஞ்சம் பருமனாகக் கேளுங்கள், அழுத்துகிற தட்டை லேசாக வையுங்கள்.

இரண்டாம் டிகாஷன் மீடியத்தில் ஓரளவு குடிக்கலாம். டார்க்கில் அது கசப்புத் தண்ணீர்தான். டிகாஷனை மறுபடி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் எந்த வறுவலும் டார்க் மாதிரிதான் இருக்கும், சூடான பாலால் சூடேற்றுங்கள்.

எனக்கு நெஞ்செரிச்சல் வருகிறது, டார்க் குடித்தால் சரியாகுமா?

டார்க்கில் அமிலம் குறைவு என்பது உண்மை, சிலருக்கு அது சுகமாக இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் வெறும் வயிற்றில் காலையில் கெட்டியாக ஒரு டம்ளர், பத்து மணிக்கு இன்னொன்று என்று இருந்தால் வறுவல் என்ன செய்யும்? காஃபினும் ஒரு பங்கு வகிக்கிறது, ரோபஸ்டாவைக் குறைத்துப் பாருங்கள், ஏதாவது சாப்பிட்டபின் குடியுங்கள். எரிச்சல் தொடர்ந்தால் பொடிக் கடையில் தீர்வு தேடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கடையில் எப்படிக் கேட்பது?

"பீபெரி பாதி, ஏ பாதி, மீடியம், சிக்கரி வேண்டாம், ஃபில்டர் அரவை, 100 கிராம்." இப்படிக் கேட்டால் போதும், எந்தக் கடையிலும் புரியும். கொட்டை, வறுவல், சிக்கரி, அரவை, எடை, இந்த ஐந்தும் வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். "அண்ணே, என்னிக்கு வறுத்தது?" என்று கேட்கத் தயங்காதீர்கள், நல்ல கடைக்காரர் சந்தோஷமாகச் சொல்வார். கொட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். நிறம் ஒரே சீராக இருக்கிறதா, ஓரம் மட்டும் கருகி நடுவில் வெளுத்திருக்கிறதா, மோந்தால் புகையா மணமா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். உங்களுக்கு முன்னால் நின்றவருக்குச் சிக்கரி கலந்து அரைத்திருந்தால் மெஷினில் தங்கிய தூள் உங்கள் பொடியோடு வரும், சிக்கரியே ஆகாது என்பவர்கள் முதலில் ஒரு கை கொட்டை போட்டு ஓட்டச் சொல்லலாம். முகம் சுளித்தால் கொட்டையாக வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள்.

வறுத்த அன்றே அரைத்த பொடியில் வாயு நிறைய இருக்கும், வெந்நீர் ஊற்றியதும் பொடி பொங்கி மேலே எழும்பும், டிகாஷன் சீராக இறங்காது. இரண்டு மூன்று நாள் விட்டுப் போட்டால் ருசி நிதானத்துக்கு வரும். டார்க்குக்கு இந்தக் காத்திருப்பு குறைவாகவே தேவை.

கடற்கரைக் காற்றில் பொடி கட்டிப்போகிறது, எப்படி வைப்பது?

வறுத்த கொட்டையில் ஈரம் மிகக் குறைவு, அதனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலோரத்து வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். இறுக மூடுகிற எவர்சில்வர் டப்பா, உலர்ந்த ஸ்பூன், அடுப்புக்குத் தள்ளி இருக்கும் அலமாரி. பிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுக்கும்போதெல்லாம் வியர்க்கும், அதோடு கீழ்த்தட்டில் மீன் குழம்பு இருந்தால் அந்த வாசனையையும் பொடி ஏற்றுக்கொள்ளும். அதிகம் வாங்கிவிட்டால் சின்னச் சின்னப் பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வைத்து, ஒரு பொட்டலம் எடுத்தால் அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரித்து முழுக்கத் தீர்த்துவிடுங்கள்.

வீட்டிலேயே வறுக்கலாமா?

தாராளமாக. பச்சைக் கொட்டை 150 கிராம், கனமான இரும்புச் சட்டி, மரக் கரண்டி, ஜன்னல் திறந்த அடுப்படி. நடுத்தரத் தீயில் கை நிற்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வெடிப்பு ஓய்ந்து ஒரு நிமிடம் கழித்து இறக்கினால் மீடியம் கிடைக்கும். இறக்குவது என்றால் அடுப்பை அணைப்பது இல்லை, சட்டியின் சூட்டிலேயே அது டார்க்குக்கு ஓடிவிடும், உடனே முறத்தில் கொட்டி விசிறி ஆற வைக்க வேண்டும், தோல் சருகும் பறந்துவிடும். மேல் வீட்டுக் கொடியில் துணி காயும் நேரத்தில் டார்க் வறுக்க வேண்டாம், புகை அதிகம்.

சட்டியில் வறுத்தது கடை வறுவல் அளவுக்குச் சீராக வராது, அங்கங்கே நிறம் மாறியிருக்கும். பரவாயில்லை. எந்தக் கட்டத்தில் என்ன வாசனை வருகிறது என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் கடையில் போய்ப் பேசுவது சுலபம்.

நாங்கள் டீ குடிக்கிற வீடு. காபிக்கு மாறினால் எதில் தொடங்குவது?

மாற வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை, நம் பக்கம் தெருமுனை டீக்கு ஈடு வேறில்லை. ஆசைப்பட்டால் மீடியம் டார்க், 10 சதவீதம் சிக்கரி, பால் கொஞ்சம் தூக்கல். டீயின் துவர்ப்புக்குப் பழகிய நாக்கு காபியின் புளிப்பைத்தான் முதலில் வெறுக்கும், கசப்பை அவ்வளவு இல்லை. பழகியபின் சிக்கரியை எடுத்துவிட்டு, அப்புறம் வறுவலை இறக்குங்கள்.

வீட்டில் ஆளுக்கொரு ருசி. அப்பாவுக்குக் கசக்க வேண்டும், எனக்கு மணம் வேண்டும். இரண்டு பொடியா வாங்குவது?

தேவையில்லை. மீடியம் வறுவலில் சிக்கரி இல்லாத பொடி ஒன்று, தனியாகச் சிக்கரி 50 கிராம். உங்களுடைய டிகாஷனை வெறும் பொடியில் இறக்குங்கள். அப்பாவுக்குச் சின்ன ஃபில்டர் ஒன்று வைத்து, நான்கு ஸ்பூன் பொடிக்கு ஒரு ஸ்பூன் சிக்கரி கலந்து போடுங்கள். சிக்கரியைப் பாலிலோ டிகாஷனிலோ நேராகக் கலக்க வேண்டாம், கரையாத தூள் டபராவின் அடியில் தங்கிவிடும்.